ஒவ்வாமை மாத்திரையும் பூஞ்சை மாத்திரையும்: ஒரு நொதித் தடுப்பின் நிகழ்வு ஆய்வு

1990ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை வெளிவந்தது. 39 வயதுப் பெண். தலை கிறுகிறுப்பும் இடையிடையே மயக்கமும் வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பத்து நாள் முன்பு அவருக்கு இரண்டு மருந்துகள் தொடங்கியிருந்தன. ஒன்று செஃபாக்ளர் என்ற ஆன்டிபயாட்டிக். மற்றொன்று டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை 60 மில்லிகிராம். இவை தவிர மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையும் குறைந்த அளவில் எடுத்துவந்தார். டெர்ஃபெனடின் தொடங்கிய எட்டாம் நாள், பூஞ்சைத் தொற்றுக்காகத் தானாகவே கீட்டோகோனசோல் மாத்திரையை ஆரம்பித்தார்: 200 மில்லிகிராம், இரண்டு வேளை. அப்புறம்தான் மயக்கம்.

நொதித் தடுப்பான் என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குவேன். இதில் எந்த மருந்தும் அளவுக்கு மீறிக் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொன்றும் வழக்கமான அளவுதான். ஆனாலும் ஓர் உயிர் ஆபத்தின் விளிம்புக்குப் போனது. என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு நொதியைப் பின்தொடர்ந்துபோனால் முழுக்கப் புரிந்துகொள்ளலாம்.

ஈசிஜி காட்டியது

அந்தப் பெண்ணின் க்யூடி இடைவெளி, துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திய பிறகு, 655 மில்லிவினாடி. இதயத்தின் கீழறைத் தசை மின்தூண்டல் பெறத் தொடங்குவதிலிருந்து மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்பும் வரை ஆகும் நேரம்தான் க்யூடி. ஈசிஜி தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிவினாடி. இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும்போது திருத்தமே தேவையில்லை. அந்தக் கணக்கில் பெண்களுக்கு 460 வரை இயல்பு, அதாவது பதினொன்றரைக் கட்டம். 655 என்றால் பதினாறு கட்டத்துக்கும் மேல். 500ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் கவலைப்படுவார்கள்.

மருத்துவமனையில் இருக்கும்போதே அவருக்கு மயக்கம் வருவதுபோன்ற நிலை வந்தது. அந்த நேரங்களில் மானிட்டரில் தெரிந்தது டார்சேட்ஸ் டி பாய்ன்ட்ஸ் என்ற தாளம். 1966இல் பிரெஞ்சு மருத்துவர் தெசர்டென் வைத்த பெயர். 'முனைகளின் முறுக்கு' என்று பொருள். அலைகளின் கூர்முனைகள் கொஞ்ச நேரம் மேல்நோக்கி நிற்கும், சுருங்கும், பிறகு கீழ்நோக்கித் திரும்பிப் பெருக்கும். ஒரு ரிப்பனை இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கியது போல இருக்கும். ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது. தானாக நின்றால் வெறும் மயக்கத்தோடு போகும். நிற்காமல் கீழறை நடுக்கமாக மாறினால் மரணம்.

பிறவிக் கோளாறு, தாது உப்புக் குறைவு என்று வழக்கமாகச் சந்தேகப்படும் வேறு எந்தக் காரணமும் பிடிபடவில்லை. இரத்தத்தில் மருந்து அளவுகளைப் பார்த்தபோது விடை கிடைத்தது. டெர்ஃபெனடின் மிக அதிகமாக இருந்தது. அதற்கு ஏற்ப, அது உடைந்து உருவாகும் விளைபொருளின் அளவு குறைந்திருந்தது.

இந்த ஒரு வரியின் கனத்தை உணர, வழக்கமாக என்ன இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். டெர்ஃபெனடின் சாப்பிட்ட சாதாரண மனிதரின் இரத்தத்தில் டெர்ஃபெனடினைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. மாத்திரை விழுங்கியிருப்பார், மூக்கு ஒழுகுவதும் நின்றிருக்கும், ஆனால் இரத்தத்தில் அந்த மருந்தே இருக்காது!

மருந்து எங்கே போகிறது

குடலில் உறிஞ்சப்பட்ட மருந்து நேராக உடலெங்கும் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் குடல் சுவரின் உயிரணுக்களைக் கடக்க வேண்டும். அங்கிருந்து போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போக வேண்டும். இந்த இரண்டு இடங்களிலும் சிப் 3ஏ4 என்ற நொதி நிறைய இருக்கிறது. சைட்டோகுரோம் பி450 குடும்பத்தைச் சேர்ந்தது. கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் நிறமி என்பதால்தான் பி450 என்று பெயர். விழுங்கிய டெர்ஃபெனடினில் சுமார் 99 சதவீதம் இந்த முதல் பயணத்திலேயே உருமாறிவிடுகிறது.

உருமாற்றம் மிகச் சிறியது. டெர்ஃபெனடின் மூலக்கூறின் ஒரு முனையில் மூன்று மீத்தைல் தொகுதிகள் ஒட்டிய ஒரு கிளை இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றில் சிப் 3ஏ4 ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுகிறது. அது ஆல்கஹால் ஆகிறது. மேலும் ஆக்சிஜனேற்றம் நடந்து கார்பாக்சிலிக் அமிலமாகிறது. அவ்வளவுதான். ஒரு மீத்தைல் இருந்த இடத்தில் ஓர் அமிலத் தொகுதி. அந்த அமில வடிவத்தின் பெயர் ஃபெக்சோஃபெனடின். ஒவ்வாமை அறிகுறிகளைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தது இதுதான்.

ஆக, இத்தனை லட்சம் பேர் ஒவ்வாமைக்குச் சாப்பிட்டது மருந்தின் மூலப்பொருளை. மருந்தைத் தயாரித்தது அவர்களுடைய குடலும் கல்லீரலும். அந்தத் தயாரிப்பு 99 சதவீதம் முழுமையாக நடந்ததால், மூலப்பொருள் இதயத்துக்கு என்ன செய்யும் என்று பார்க்க பெரும்பாலும் வாய்ப்பே வரவில்லை.

இரும்பின் மேல் உட்கார்ந்த நைட்ரஜன்

சிப் 3ஏ4 நொதியில் வேதிவினை நடக்கும் இடமான கிளர்வு மையத்தில் ஹீம் என்ற வளைய மூலக்கூறு இருக்கிறது, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. இரும்புக்கு ஆறு பிணைப்பு இடங்கள். நான்கை ஹீமின் நைட்ரஜன்கள் பிடித்துக்கொள்கின்றன. ஐந்தாவதை நொதிப் புரதத்தின் சிஸ்டீன் கந்தகம் பிடித்துக்கொள்கிறது. ஆறாவது இடத்தில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. ஆக்சிஜன் மூலக்கூறு வந்து அமர்வதும், பிளவுபடுவதும், ஓர் அணு மருந்துக்குள் செருகப்படுவதும் அங்கேதான்.

கீட்டோகோனசோல் மூலக்கூறில் இமிடசோல் என்ற ஐந்து அணு வளையம் இருக்கிறது. அதன் ஒரு நைட்ரஜனில் தனித்த எலக்ட்ரான் இணை உண்டு. அது நேராக அந்த ஆறாவது இடத்தில் போய் இரும்போடு பிணைந்துகொள்கிறது. பிறகு ஆக்சிஜன் எங்கே உட்காரும்? கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே வேலை செய்யும் ஒரே மேசையில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கல்லீரல் மைக்ரோசோம்களை (உயிரணுக்களை உடைத்துப் பிரித்த, இந்த நொதிகள் இருக்கும் சவ்வுத் துணுக்குகளை) குவெட்டு எனப்படும் இரண்டு சின்ன ஒளிபுகும் குப்பிகளில் எடுத்துக்கொண்டு, ஒன்றில் மட்டும் கீட்டோகோனசோலைச் சேர்த்து, ஒளி உறிஞ்சலின் வித்தியாசத்தை வரைய வேண்டும். 430 நானோமீட்டரை ஒட்டி ஒரு மேடும் 390 முதல் 410 வரையிலான பகுதியில் ஒரு பள்ளமும் மெதுவாக எழுந்து வரும். நைட்ரஜன் இரும்பைப் பிடித்துவிட்டதன் அடையாளம் அது. தளப்பொருளை, அதாவது நொதி மாற்றும் சாதாரணப் பொருளைச் சேர்த்தால் வடிவம் ஏறக்குறைய தலைகீழாக வரும். தடுப்பு என்பது புத்தகத்தில் படிக்கும் சொல்லாக இருந்த மாணவருக்கு, அந்தக் கோடு திரையில் வளைவதைப் பார்க்கும்போது அது ஒரு பொருளாக மாறிவிடும்.

பூஞ்சைக்கான மருந்துக்கு மனித நொதியிடம் என்ன வேலை என்று கேட்கலாம். பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு எர்கோஸ்டீரால் வேண்டும். அதை உருவாக்கும் பாதையில் ஒரு சைட்டோகுரோம் பி450 நொதி இருக்கிறது. கீட்டோகோனசோல் குறிவைப்பது அதன் இரும்பை. ஆனால் பி450 குடும்பம் முழுவதிலும் அதே ஹீம், அதே இரும்பு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கும் திறமை மூலக்கூறின் மீதிப் பகுதியிலிருந்துதான் வர வேண்டும், கீட்டோகோனசோலில் அந்தத் திறமை குறைவு. அட்ரினல் சுரப்பியில் ஸ்டீராய்டு ஹார்மோன்களை உருவாக்கும் பி450 நொதிகளையும் அது தடுக்கிறது. கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய்க்கு அதைப் பயன்படுத்தியதும் இதனால்தான்.

தடுப்பு என்றால் வினை நின்றுவிடுமா?

இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பாடப்புத்தக வரைபடத்தில் தளப்பொருளின் அளவை நாம் தீர்மானித்து, வினைவேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறோம். உடலில் அப்படி இல்லை. காலையும் மாலையும் மாத்திரை வருகிறது. உள்ளே வரும் வேகம்தான் நிலையானது. நொதி மந்தமானால் தளப்பொருள் தேங்கும். தேங்கத் தேங்க அதன் செறிவு கூடும். செறிவு கூடக் கூட நொதியின் வேகமும் ஏறும். கடைசியில் வரவும் செலவும் சமமாகும் ஒரு புதிய நிலை வரும்.

ஒரு கணக்கு போடலாம். 1913இல் மிக்கேலிசும் மென்டெனும் தந்த சமன்பாடுதான். நொதியின் உச்ச வேகம் 1 என்று வைப்போம். தளப்பொருளின் செறிவு, பாதி வேகத்துக்குத் தேவைப்படும் செறிவில் பத்தில் ஒரு பங்கு. அப்போது வினைவேகம் 0.1ஐ 1.1ஆல் வகுத்தது, அதாவது பதினொன்றில் ஒரு பங்கு. உள்ளே வரும் வேகமும் இதுவே என்று கொள்வோம்.

இப்போது ஒரு போட்டித் தடுப்பானைச் சேர்க்கிறோம், அதாவது தளப்பொருளின் இடத்துக்கே போட்டியிடும் தடுப்பானை. அதன் செறிவு தன் தடுப்பு மாறிலியைப் போல (தடுப்பானின் வலிமையைக் காட்டும் செறிவு அது) ஒன்பது மடங்கு. பாதி வேகத்துக்குத் தேவையான செறிவு பத்து மடங்காகிறது. உச்ச வேகம் மாறவில்லை. அதே பதினொன்றில் ஒரு பங்கு வேகத்தைத் திரும்ப எட்ட, தளப்பொருள் எவ்வளவு ஏற வேண்டும்? சரியாகப் பத்து மடங்கு. ஏறியதும் விளைபொருள் பழைய வேகத்திலேயே உருவாகத் தொடங்கிவிடும். விளைபொருளை மட்டும் அளப்பவருக்குத் தடுப்பு நடந்ததே தெரியாது.

அதே செறிவில் போட்டியிலாத் தடுப்பான், அதாவது தளப்பொருளோடு போட்டியிடாமல் நொதியையே முடக்குவது என்றால் கதை வேறு. உச்ச வேகம் பத்தில் ஒன்றாகிறது. பதினொன்றில் ஒரு பங்கை எட்ட நொதி ஏறக்குறைய முழு மூச்சில் ஓட வேண்டும். தளப்பொருள் நூறு மடங்கு ஏறினால்தான் அது முடியும். தடுப்பானை இன்னும் ஒரே ஒரு படி கூட்டி ஒன்பதைப் பத்தாக்கினால் உச்ச வேகமே பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். அப்போது சமநிலையே கிடையாது. தளப்பொருள் ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. நானே முதல்முறை இதைத் தாளில் போட்டுப் பார்த்தபோது திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

பெரும்பாலான மருந்துகளின் செறிவு நொதியின் பாதி வேகச் செறிவைவிட மிகக் கீழே இருப்பதால், நடைமுறையில் இரண்டு வகைத் தடுப்பும் கிட்டத்தட்ட ஒரே மடங்கு உயர்வைத்தான் தரும். நொதி நிரம்பும் நிலையை நெருங்கும்போதுதான் இரண்டும் பிரிந்து போகின்றன. கீட்டோகோனசோல் சிப் 3ஏ4ஐத் தடுக்கும் விதத்தைச் சோதனைக்குழாய் ஆய்வுகள் சில போட்டி வகை என்றும் சில கலப்பு வகை என்றும் சொல்கின்றன. எந்த வகையானாலும் மிகக் குறைந்த செறிவிலேயே வேலை செய்துவிடும் என்பதில் மாறுபாடு இல்லை.

அடுத்தது முதல் பயணத்தின் கணக்கு. நொதி 99 சதவீதத்தை மாற்றினால் தப்பிப்பது 1 சதவீதம். தடுப்பான் வந்து அந்த 99ஐ 90ஆகக் குறைத்தது என்று வைத்துக்கொள்வோம். நொதியின் பக்கம் பார்த்தால் சின்னக் குறைவு. இதயத்தின் பக்கம் நின்று பார்த்தால் 1 சதவீதம் 10 சதவீதமாகிவிட்டது. பத்து மடங்கு! ஒரு நொதி எவ்வளவு திறமையாக வேலை செய்கிறதோ, அதைத் தடுப்பதன் விளைவும் அவ்வளவு பெரியது. பாதிதான் மாற்றப்படும் ஒரு மருந்துக்கு, நொதியை முழுக்க நிறுத்தினாலும் இரண்டு மடங்குக்கு மேல் தப்பிக்க முடியாது.

அந்தப் பெண்ணுக்கு நடந்தது

இனிக் கோத்துப் பார்க்கலாம். முதல் ஏழு நாள் குடலும் கல்லீரலும் டெர்ஃபெனடினை ஃபெக்சோஃபெனடினாக மாற்றிக்கொண்டிருந்தன. எட்டாம் நாள் கீட்டோகோனசோல் வந்தது. பத்தாம் நாளுக்குள் அறிகுறிகள் முற்றிவிட்டன. இந்த வேகமே ஒரு தடயம். நொதியின் உற்பத்தியைக் கூட்டும் மருந்துகளின் விளைவு முழுமையாக வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஏனென்றால் புதுப் புரதம் உருவாக வேண்டும். தடுப்பான் காத்திருக்காது. முதல் மாத்திரை கரைந்து கல்லீரலை எட்டியதுமே இரும்பில் உட்கார்ந்துவிடும்.

மாற்றப்படாத டெர்ஃபெனடின் இதயத் தசையின் உயிரணுக்களை எட்டியது. அங்கே ஹெர்க் என்ற பொட்டாசியம் வாய்க்கால் இருக்கிறது. துடிப்பு முடிந்ததும் பொட்டாசியத்தை வெளியேற்றி உயிரணுவை ஓய்வுக்குக் கொண்டுவருவது அதுதான். டெர்ஃபெனடின் அந்த வாய்க்காலின் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்கிறது. பொட்டாசியம் வெளியேறத் தாமதமாகிறது, க்யூடி நீள்கிறது. ஓய்வுக்கு வராத உயிரணு தப்பான நேரத்தில் மீண்டும் தூண்டப்படுகிறது. பெண்களுக்கு இயல்பாகவே க்யூடி சற்று நீளம். இந்தத் தாளக் கோளாறு அவர்களுக்கு அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளைபொருளான ஃபெக்சோஃபெனடினோ அந்த வாய்க்காலைச் சீண்டுவதில்லை. நொதி வைத்த அந்த ஓர் அமிலத் தொகுதியால் வந்த வித்தியாசம் இது.

ஒரே நோயாளியை வைத்து இவ்வளவும் சொல்லிவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. 1993இல் இரண்டு ஆய்வுகள் அதற்குப் பதில் தந்தன. ஒன்றில் ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்களுக்கு டெர்ஃபெனடின் கொடுத்து, பிறகு கீட்டோகோனசோலைச் சேர்த்தார்கள். ஆறு பேர் இரத்தத்திலும் மாற்றப்படாத டெர்ஃபெனடின் தென்பட்டது, க்யூடி நீண்டது. ஈசிஜியில் வந்த மாற்றங்களால் நான்கு பேருக்குக் கீட்டோகோனசோலைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மற்றொன்று இதய உயிரணுக்களில் நடந்தது: டெர்ஃபெனடின் பொட்டாசிய ஓட்டத்தைத் தடுத்தது, அதன் அமில வடிவம் தடுக்கவில்லை. தளப்பொருள் குற்றவாளி, விளைபொருள் நிரபராதி என்று தனித்தனியாகக் காட்டியாயிற்று.

வேறு தடுப்பான்கள், வேறு கடிகாரங்கள்

இதே விபத்தை எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் உண்டாக்கியது, ஆனால் வழி வேறு. எரித்ரோமைசினை சிப் 3ஏ4 தன் தளப்பொருளாக ஏற்றுக்கொண்டு மாற்றத் தொடங்குகிறது. அப்படி உருவாகும் இடைப்பொருள் இரும்போடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு விலக மறுக்கிறது. தன் வேலையைச் செய்யப்போய் நொதி தன்னையே பூட்டிக்கொள்கிறது.

பம்ப்ளிமாஸ் வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில் இருக்கும் ஃபுரானோகூமரின்களும் இப்படித்தான் குடல் சுவரின் சிப் 3ஏ4ஐ அழிக்கின்றன. கனடாவில் ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மதுவைச் சேர்த்துச் சோதித்தவர்கள், மதுவின் சுவையை மறைக்கத்தான் அந்தச் சாற்றைக் கலந்தார்கள். மருந்தின் அளவு எதிர்பாராமல் எகிறியதைத் துருவிப் போனபோது, காரணம் சாறு என்று தெரிந்தது. 1989இல் அது வெளியானது.

நோயாளிக்கு இந்த வித்தியாசம் முக்கியம். கீட்டோகோனசோல் போன்ற மீள் தடுப்பான் உடலைவிட்டு வெளியேறினால் நொதி மறுபடி வேலைக்கு வந்துவிடும். மீளாத் தடுப்பில் தடுப்பான் போய்விட்ட பிறகும் நொதி திரும்பாது. உயிரணு புதிதாக நொதியைச் செய்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு நாட்கள் ஆகலாம். 'நேற்றே நிறுத்திவிட்டேன்' என்று நோயாளி சொன்னால், எதை நிறுத்தினார் என்று கேட்டுத்தான் நிம்மதியடைய முடியும்.

தடுப்பு எப்போதும் கெடுதல் என்றும் நினைத்துவிட வேண்டாம். எச்ஐவிக்கான ரிட்டோனவிர் சிப் 3ஏ4ஐ மிக வலுவாகத் தடுக்கும். அதைச் சிறு அளவில் வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால், அந்த மருந்து சீக்கிரம் அழியாமல் இரத்தத்தில் நிற்கும். கோவிட் சிகிச்சைக்கு 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற நிர்மட்ரெல்விரோடு 100 மில்லிகிராம் ரிட்டோனவிர் சேர்ந்தே வருவது இதற்காகத்தான். அங்கே தேங்கும் தளப்பொருள்தான் நமக்குத் தேவையான மருந்து. டெர்ஃபெனடினில் அது நச்சு. நொதிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மேல்பக்கம் தேங்குவது என்ன, கீழ்ப்பக்கம் குறைவது என்ன என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியது நாம்தான்.

மருந்துக்கு என்ன ஆனது

1985இல் அமெரிக்காவில் தூக்கத்தை உண்டாக்காத முதல் ஒவ்வாமை மாத்திரையாக அனுமதி பெற்ற டெர்ஃபெனடினுக்கு, 1992இல் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை மட்டும் போதவில்லை. 1996இல் ஃபெக்சோஃபெனடின் தனி மருந்தாக அனுமதி பெற்றது. நல்ல பலனைத் தரும் பாதுகாப்பான வடிவம் கையில் இருக்கும்போது மூலப்பொருளை விற்க நியாயம் இல்லை என்பதால், 1997 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் டெர்ஃபெனடினை நீக்க முன்மொழிந்தது. 1998இல் அது அமெரிக்கச் சந்தையைவிட்டுப் போனது. கீட்டோகோனசோல் மாத்திரைக்கும் 2013இல் கடுமையான கட்டுப்பாடுகள் வந்தன, கல்லீரல் பாதிப்பும் இத்தகைய மருந்து மோதல்களும் காரணம்.

ஃபெக்சோஃபெனடினை அனுமதிக்கும் முன் அதே கேள்வியை அதனிடமும் கேட்டுப் பார்த்தார்கள். ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கீட்டோகோனசோலோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரத்தத்தில் ஃபெக்சோஃபெனடினின் அளவு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. க்யூடி அசையவில்லை.